பாலாலயம் ஆனபிறகு கல் வெறும் கல்லா? கடவுள் பொருளா, உணர்வா?

கண்டனூரான்

எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் பாலாலயம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலை முடியும்வரை மூலவருக்குப் பூசை கிடையாது. அவரிடமிருந்து சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, அங்கிருந்து அத்திப்பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றுவார்கள். தினப்படி பூசை அதன்பிறகு பலகைக்குத்தான். கருவறைக்குள் கொத்தனாரும் சித்தாளும் சிமெண்டுச் சட்டியோடு போய்வரலாம்.

எங்க ஆச்சி (அக்கா) மகன் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். பந்தியில் உட்கார்ந்தபடியே கேட்டான்: "அம்மான், நேத்து வரைக்கும் கிட்டப் போனாலே தோஷம். இன்னைக்கு ஏணியச் சாத்தி ஏறலாம். அந்தக் கல்லுல என்னதான் மாறுச்சு? எடை குறைஞ்சுச்சா?" பக்கத்தில் இருந்த பெரியவர்கள் முறைத்தார்கள். எனக்குக் கேள்வி பிடித்திருந்தது.

இடம்விட்டு இடம் போகிறவர் என்றால் கடவுளும் ஏதோ ஒருவகைப் பொருள்தானே? பொருளே இல்லை என்றால் கும்பத்தில் இறங்கியது எது? நம்முடைய உணர்வுக்கும் இதே சிக்கல் இருப்பதாகப் படுகிறது. மூளையில் இருக்கிறது என்கிறோம், மூளையைத் திறந்து பார்த்தவர் எவருக்கும் அது கண்ணில் பட்டதில்லை. இரண்டையும் சேர்த்தே பேசலாமா?

சிவவாக்கியரின் நட்டகல் பாட்டை யாரும் எடுத்துப் போட வேண்டாம். எல்லாருக்கும் மனப்பாடம்.

பூதவாதி

அந்தப் பாட்டைத்தான் போட வந்தேன், வாசல்லயே மறிச்சுட்டீங்க.

உங்க மருமகனுக்குப் பதில் சுலபம். கல்லில் ஒண்ணும் மாறல. அன்னைக்கும் கல்லு, இன்னைக்கும் கல்லு. மாறினது சுத்தி நின்னவங்க நடந்துக்கிற விதம். குருக்கள் சொன்னார், ஊர் ஒத்துக்கிச்சு. இதுல தத்துவம் தேடறது வீண் வேலை.

முத்துப்பட்டணம் ஆச்சி

பூதவாதித் தம்பி, ஊர் ஒத்துக்கிட்டதுனாலதான் எல்லாம்னு சொல்லிட்டுப் போயிட்டா எப்படி? எங்க வீட்டுல படைப்பு நடக்கும். முன்னோர்களுக்குப் படம் கிடையாது, சிலை கிடையாது. பெட்டியில வச்சிருக்கிற சேலையும் வேட்டியும்தான். அதை எடுத்து வச்சுத்தான் படைப்போம். அவுக அந்தச் சேலைக்குள்ள இருக்காகன்னு எங்க அப்பத்தாகூட நெனச்சதில்ல. ஆனா அந்தச் சேலை இல்லாமப் படைக்கச் சொன்னா ஒருத்தரும் படைக்க மாட்டாக.

இருக்காகளா இல்லையாங்கிறது ஒரு கேள்வி. எதுக்குள்ள இருக்காகங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீக.

சித்தாந்தப் பித்தன்

ஆச்சி சொன்ன பிரிப்புத்தான் சைவ சித்தாந்தத்தின் முதல் படியும். கண்டனூரான் தம்பி, பாலாலயத்தில் இறைவன் பயணம் செய்வதாக ஆகமம் தெரிந்த எவரும் சொல்ல மாட்டார். எங்கும் இருப்பவனுக்குப் போக இடம் ஏது? ஓரிடத்தில் அவன் விளங்கி நின்று வழிபாட்டை ஏற்கிறான் என்பதுதான் கணக்கு. அந்த விளக்கம் இங்கிருந்து அங்கு மாற்றப்படுகிறது. மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் கடைசி, அதாவது 12ஆம் சூத்திரம் ஆலயத்தையும் "அரன் எனத் தொழுமே" என்கிறது. ஆலயம் அரனே என்று முடிந்த முடிவாகச் சொல்லிவிட்டு நகரவில்லை, அரன் எனத் தொழு என்கிறது.

உருவம் பற்றி: சைவத்தில் நவந்தரு பேதம் என்று ஒன்பது நிலைகள். சிவம், சத்தி, நாதம், விந்து நான்கும் அருவம். சதாசிவம் அருவுருவம், இலிங்கத் திருமேனி அதைத்தான் குறிக்கிறது. மகேசன், உருத்திரன், மால், அயன் நான்கும் உருவம். ஆனால் அந்த உருவங்களும் மாயையால், அதாவது உலகத்துக்கு மூலமான சடப்பொருளால், ஆனவை அல்ல, அருளால் கொண்டவை. நம் உடம்பு மாயையிலிருந்து வந்தது. அவன் திருமேனி அப்படி வந்ததில்லை.

கண்டனூரான்

ஐயா, பிள்ளையார்பட்டியை நினைத்துப் பாருங்கள். கற்பக விநாயகர் மலையைக் குடைந்து அதன் சுவரிலேயே செதுக்கப்பட்டவர். பின்பக்கம் மலையோடு ஒட்டியிருக்கிறது. பீடத்திலிருந்து தூக்கி வைக்கிற பேச்சே அங்கு இல்லை. அருளால் கொண்ட உருவம் எங்கே முடிகிறது, குன்று எங்கே தொடங்குகிறது?

சித்தாந்தப் பித்தன்

கோடு போட வேண்டும் என்று யார் கேட்டது? தங்கக் கவசம் சாத்தும்போது குருக்களுக்குத் தெரியும் எதுவரை என்று.

மின்முனை

சிக்ரியில், அதாவது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் பாதி அயனிகளோடும் மின்முனைகளோடும் போயிற்று. (ஒரு இடைச்செருகல்: அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த அந்த ஆய்வுக்கூடத்தை 1953இல் திறந்து வைத்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். மின்வேதியியலைத் திறந்து வைக்க ஒரு வேதாந்தப் பேராசிரியர். அந்த முரணை ரசிக்காமல் நான் அந்த வாசலைக் கடந்ததில்லை.)

பொருள், பௌதிகம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். எதை வைத்து? தொட முடிந்தது, எடை உள்ளது, இடத்தை அடைப்பது என்றால் மின்புலம் பௌதிகம் இல்லை என்று ஆகிவிடும். மின்புலத்தை நீங்கள் தொட முடியாது, கையில் அள்ள முடியாது. ஆனால் அதற்கு ஆற்றல் உண்டு, அயனியைத் தள்ளும், அளக்கலாம். இயற்பியலில் பௌதிகம் என்பதற்கு நடைமுறை அடையாளம் இதுதான்: மற்றவற்றைப் பாதிக்கும், அதை அளவிட வழியுண்டு.

இந்த அடையாளத்தை ஒத்துக்கொண்டால் பக்தருக்கு இக்கட்டு. உலகத்தில் கடவுள் எதையாவது நடத்துகிறார் என்றால், நடக்கிற இடத்தில் ஏதோ ஒரு துகளாவது தான் போகவேண்டிய பாதையை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகியது என்றால் அளக்கலாம். அளக்க முடிந்தால் அவரும் பௌதிகத்துக்குள் வந்துவிட்டார். எதையும் விலக்கவில்லை என்றால் அவர் எதையும் நடத்தவில்லை.

இந்தக் கேள்வியை மனத்தை வைத்து முதலில் கூர்மையாகக் கேட்டது பொஹீமிய இளவரசி எலிசபெத். மனம் வேறு, இடத்தை அடைக்கும் பொருள் வேறு என்று பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் எழுதியதைப் படித்துவிட்டு 1643இல் அவருக்கே கடிதம் போட்டார்: இடத்தையே அடைக்காத மனம் உடம்பை எப்படி அசைக்கிறது? அடுத்த கடிதத்தில் இன்னும் ஒரு படி போனார். பொருளல்லாத ஒன்றுக்கு உடம்பை அசைக்கும் திறன் உண்டு என்று ஒப்புவதைவிட, ஆன்மாவும் பொருள்தான் என்று ஒப்புவது தனக்கு எளிது என்றார். அப்போது அவருக்கு வயது 24. தெக்கார்த் மரியாதையாக நிறைய எழுதினார். பதில் வரவில்லை.

உப்பேரிக்கரை

நான் யூட்டாவில் இருக்கிறேன், சொந்த ஊர் பள்ளத்தூர். மின்முனை ஐயா சொன்ன "எளிய வழி"யை ஒரு மதமே எடுத்திருக்கிறது. இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் மார்மன்கள். அந்த மதத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1843இல் சொன்னது: பிதாவுக்கு மனிதனைப் போலவே தொட்டுணரக்கூடிய சதையும் எலும்புமான உடம்பு உண்டு. அதே ஆண்டு இன்னொன்றும் சொன்னார். பொருளல்லாத ஆவி என்று எதுவும் இல்லை, ஆவி எல்லாமே பொருள்தான், மிக நுண்ணியதாக இருப்பதால் நம் கண்ணுக்குப் படவில்லை. மற்றக் கிறித்தவர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தாமஸ் ஹாப்ஸும் கடவுள் உடலுள்ளவர் என்றே வாதாடினார். உடல் இல்லாத பொருள் என்பதே பொருளற்ற பேச்சு என்பது அவர் கட்சி. ஆகவே "கடவுள் பொருளா" என்று கேட்பதற்காக அந்தப் பையனை முறைக்க வேண்டியதில்லை, ஆம் என்று சொன்ன ஆத்திகர்களே உண்டு.

தேவகோட்டை சேவியர்

எங்கள் பக்கத்தையும் ஒரு வரி. வார்த்தை (இறைமகன்) மாம்சமானது, அதாவது மனித உடலெடுத்தது என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் நடு. ஆனால் மாம்சமானதற்கு முன்பும் வார்த்தை இருந்தது. உடலெடுத்தவர் என்பது ஒன்று, உடலே அவர் என்பது வேறு. உப்பேரிக்கரை அண்ணனின் நண்பர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள்.

சித்தாந்தப் பித்தன்

மின்முனை ஐயாவுக்கு. நீங்கள் வைத்த பொறி நல்ல பொறி. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டிலேயே இதன் மறுபக்கத்தை 6ஆம் சூத்திரத்தில் வைத்திருக்கிறார். கடவுள் நம் அறிவுக்கு எட்டும் பொருள்களில் ஒன்று என்றால் அது அசத்து, மாறி அழிவது. எந்த வகையிலும் அறியப்படாதது என்றால் இல்லாதது. இரண்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சுட்டி அறியும் அறிவுக்குப் படாமல் அருளால் அறியப்படுவதே சிவசத்து என்கிறார். நீங்கள் "அளந்தால் பௌதிகம்" என்றீர்கள். அவர் அளந்தால் அது சிவமே அல்ல என்கிறார்.

அசைப்பது எப்படி என்பதற்கும் விடை உண்டு. உலகத்துக்கு முதற்காரணம் மாயை. துணைக்காரணம் சத்தி. நிமித்த காரணம், அதாவது செய்விப்பவன், சிவன். அவன் உலகமாகத் திரிவதில்லை, மாயையைக் கையால் தொடுவதும் இல்லை. அவன் சந்நிதியில், அவன் சங்கற்பத்தில் மாயை தொழிற்படுகிறது.

மின்முனை

சங்கற்பத்தில் தொழிற்படுகிறது என்பது எலிசபெத்தின் கேள்வியைத் திரும்பச் சொல்வது. பதில் இல்லை. சங்கற்பம் மாயையை எப்படி எட்டுகிறது?

சித்தாந்தப் பித்தன்

"எப்படி" என்று கேட்கும்போது நடுவில் ஒரு கயிறோ கம்பியோ வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அந்தக் கயிறும் மாயையாகத்தான் இருக்கும். பிறகு அதை எது எட்டுகிறது என்பீர்கள்.

மின்முனை

சரி. அதற்கு நியாயம் இருக்கிறது, எந்த அடிப்படை விசைக்கும் கடைசியில் "அப்படித்தான் நடக்கிறது" என்றே நிற்கிறோம். ஆனால் எங்கள் "அப்படித்தான்" பக்கத்தில் ஒரு எண் இருக்கும்.

கோவிலூர்ச் சாது

வணக்கம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் பொருள் என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது, கடவுளும் உணர்வும்தான் சந்தேகம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கோவிலூர் வேதாந்த மடத்தில் பாடம் கேட்டவர்களுக்கு இது தலைகீழ்.

முத்துராமலிங்க ஆண்டவர் தொடங்கிய அந்த மடத்தில் வேதாந்தத்தைத் தமிழிலேயே, கைவல்ய நவநீதம் போன்ற நூல்களை வைத்து, வரி வரியாகப் பாடம் சொல்கிறார்கள். நகரத்தார் கடையில் கணக்கெழுதிய கையோடு வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. அங்கே முதலில் கேட்கும் கேள்வி இது: பொருளை நீ எங்கே கண்டாய்? கல்லின் குளிர்ச்சி, நிறம், கனம் எல்லாம் உன் அறிவில் தோன்றியவை. அறிவுக்கு வெளியே ஒரு கல்லை எவரும் கண்டதில்லை. தோன்றுவதெல்லாம் மாறுகிறது, அறிவது மாறவில்லை. ஆக எது நிச்சயம்?

கடவுள் பௌதிகமா என்ற கேள்விக்கு வேதாந்தியின் பதில்: பௌதிகமே ஓர் தோற்றம். தோற்றத்தின் ஆதாரம் தோற்றத்துக்குள் ஒரு பொருளாக இருக்காது.

பூதவாதி

சாது அண்ணே, கல்லு உங்க அறிவுக்குள்ள மட்டும்தான்னா பாலாலய வேலை நடக்கிற எடத்துல தலைக்கவசம் இல்லாம நில்லுங்க பாப்போம்.

கோவிலூர்ச் சாது

தலையும் தோற்றம், கல்லும் தோற்றம், வலியும் தோற்றம். ஒரே தரத்துத் தோற்றங்கள் ஒன்றையொன்று இடிக்கும். வியவகாரத்தில், அதாவது அன்றாட நடப்பில், கல் கல்தான், தலைக்கவசம் போட்டுக்கொள்வேன். இந்தக் கேலி எங்களுக்குப் பழையது தம்பி.

அலைத்துகள்

சாது ஐயா சொல்வதை குவாண்டம் இயற்பியலே நிரூபித்துவிட்டது! துகள்களை இரண்டு பிளவுகள் வழியே அனுப்பிப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையில் நாம் பார்க்காதவரை துகள் அலையாக இருக்கிறது. பார்த்த நொடியில் துகளாகிவிடுகிறது. உணர்வுதான் யதார்த்தத்தைப் படைக்கிறது. நம் முன்னோர்கள் சொன்னதை மேல்நாட்டான் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான்.

மின்முனை

இது வரும் என்று முதல் பதிவிலிருந்தே காத்திருந்தேன்.

தம்பி, "பார்த்தல்" என்று அங்கே சொல்வது கண்ணால் பார்ப்பதை அல்ல. துகள் எந்த வழி போனது என்ற தடயம் சுற்றுப்புறத்தில் எங்காவது பதிந்துவிட்டால் அலைக்கோலம் அழிகிறது. யாரும் வந்து படிக்க வேண்டியதில்லை. வியன்னாவில் 1999இல் 60 கரி அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளையே அலைபோலக் குறுக்கிட வைத்தார்கள். 2004இல் அதே நகரத்து ஆய்வுக்குழு 70 கரி அணு மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றி அனுப்பியது. சூடு ஏற ஏற மூலக்கூறு தானே ஒளித்துகள்களைக் கக்கும். அந்த ஒளி மூலக்கூறின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கோலம் படிப்படியாக மங்கி மறைந்தது. அந்த ஒளித்துகள்களை எவரும் பிடித்துப் பார்க்கவில்லை. வெற்றிடக் குழாயின் சுவரில் மோதி முடிந்தன. அழித்தது வெப்பம். உணர்வு அந்தக் குழாய்க்குள் எங்கே இருந்தது?

உணர்வுக்கு அங்கே பங்கு உண்டு என்று 1961இல் எழுதிய பெரிய இயற்பியலாளர் யூஜீன் விக்னர். பிற்காலத்தில் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். சாது ஐயாவின் வாதம் தன் காலில் நிற்கிறது, அதற்கு இந்தக் கட்டை வேண்டாம்.

கோவிலூர்ச் சாது

ஐயா சொல்வதே எனக்கும் சம்மதம். ஆய்வுக்கூடத்தில் அளந்து நிரூபிக்கப்பட்ட பிரம்மம் எங்களுக்கும் வேண்டாம்.

முத்துப்பட்டணம் ஆச்சி

அலைத்துகள் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிடாதீக. இங்க அடிச்சுக்குவாக, அப்பறம் ஒண்ணா உக்காந்து பணியாரம் சாப்பிடுவாக.

மருந்துவாசம்

நான் மயக்க மருத்துவர். தேவகோட்டைப் பெண், மதுரையில் வேலை. தினமும் மனிதர்களின் உணர்வை அணைத்து மறுபடி ஏற்றுவதுதான் என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறக்குறைய 12 மில்லி. ஊசியில் வெள்ளையாக இருக்கும். நரம்பில் ஏற்றிக்கொண்டே பேச்சுக் கொடுப்பேன், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பேன். ஒரு நிமிடத்துக்குள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். மூளை நரம்பணுக்களின் அடக்கும் சைகைகளை அந்த மருந்து வலுப்படுத்துகிறது, மூளைப் பகுதிகளுக்கு இடையே பேச்சு அறுகிறது, ஆள் இல்லை. 1846இல் பாஸ்டனில் ஈதரை வைத்து ஊரறியச் செய்து காட்டியதிலிருந்து இது நடக்கிறது.

உணர்வு பொருளைச் சாராதது என்றால் 12 மில்லி மருந்து அதை எப்படி எட்டுகிறது? எலிசபெத்தின் கேள்விதான், எதிர்த் திசையிலிருந்து.

பூதவாதி

டாக்டர், இதுக்குத்தான் காத்திருந்தேன். கேஸ் முடிஞ்சுது.

என் பேரு எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? மணிமேகலை 27ஆம் காதை. சமயக் கணக்கர், அதாவது பல மதக்காரங்க, வரிசையில ஒரு பூதவாதி வருவான். தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் மத்ததும் சேத்துக் கூட்டினா கள்ளின் களிப்பு பொறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரியான பூதங்கள் சேந்தா உணர்வு தோணும்பான். பூவுலயும் களிப்பு இல்ல, வெல்லத்துலயும் இல்ல, சேத்து வச்சா வருது. இன்னைக்கு நரம்பியல்காரங்க சொல்றதும் இதுதானே. தமிழ்ல எழுதி வச்சு எவ்வளவு காலமாச்சு!

சித்தாந்தப் பித்தன்

மணிமேகலை அவனுக்கு என்ன சொன்னாள் என்பதையும் சொல்லியிருக்கலாம். கண்ணால் காண்பது மட்டுமே பிரமாணம் என்ற அவனைப் பார்த்துச் சிரித்து, உன் தந்தை தாயை நீ அனுமானத்தால்தானே அறிந்தாய் என்றாள். அவன் வாயடைத்தான்.

மருத்துவருக்கு: அம்மா, நீங்கள் சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்க மாட்டேன். பலருக்குத் தெரியாத செய்தி, சித்தாந்தத்தில் மனமும் சடம்தான். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணம் நான்கும் 36 தத்துவங்களில் அடக்கம். எல்லாம் மாயையின் காரியம். எண்ணம், தீர்மானம், "நான்" என்று எழுவது எல்லாவற்றையும் பொருள் பக்கம் தள்ளிவிட்டார்கள். உயிர் மட்டும் சித்து, அதாவது அறிவுள்ள பொருள். அதுவும் கருவி இல்லாமல் தானாக எதையும் அறியாது.

கீழாலவத்தை என்று, உயிர் நனவிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கும் நிலைகளுக்குக் கணக்கே உண்டு. நனவில் உயிரோடு நிற்கும் கருவிகள் 35. கனவில் 25. உறக்கத்தில் 3. பேருறக்கத்தில் 2. உயிர்ப்படக்கத்தில் 1. உங்கள் மருந்து கருவிகளைக் கழற்றுகிறது, உயிர் தன் அறிவை மறைக்கும் ஆணவ இருளில் ஒன்றும் அறியாமல் கிடக்கிறது. எங்கள் நூல் அறிந்தவர் இதைக் கேட்டு அதிர மாட்டார்.

மருந்துவாசம்

ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் படித்த சைவத்தில் இது இல்லை. மனமும் பொருள் என்று சைவம் சொல்வது எனக்குப் புதிது.

பூதவாதி

எனக்கும்தான். ஆனா விட மாட்டேன். எண்ணம் போச்சு, ஞாபகம் போச்சு, நான்ங்கிறதும் போச்சு. கருவி இல்லாம அறியவும் அறியாது. அப்போ மிச்சம் இருக்கிற உயிர் என்னதான் பண்ணுது? எல்லா வேலையையும் மூளைகிட்ட குடுத்துட்டு ஒரு பேரை மட்டும் வச்சுக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பேரையும் எடுத்துட்டா என்ன குறையும்?

மின்முனை

இந்த இழையிலேயே வலுவான அடி இது. ஆனால் பூதவாதி, உங்கள் பக்கத்திலும் ஒரு கடன் நிற்கிறது.

1998இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக்கும் தத்துவப் பேராசிரியர் டேவிட் சால்மர்ஸும் பந்தயம் கட்டினார்கள். 25 ஆண்டுகளுக்குள் உணர்வுக்கான தெளிவான நரம்புத் தடயம் மூளையில் கண்டுபிடிக்கப்படும் என்றார் காக். 2023இல் நியூயார்க்கில் மேடை ஏறி, தோற்றதை ஒத்துக்கொண்டு மது போத்தல்களைக் கொடுத்தார். கையோடு இன்னொரு 25 ஆண்டுக்குப் பந்தயத்தைப் புதுப்பித்தார்கள்.

சால்மர்ஸ் 1995இல் எழுப்பிய கேள்வி: மூளை சிவப்பை எப்படிப் பிரித்தறிகிறது என்பதை இயந்திர வேலையாக விளக்கலாம். ஆனால் அந்த வேலை நடக்கும்போது சிவப்பு என்று ஒன்று உள்ளே படுகிறதே, அது ஏன்? படாமலே அத்தனை வேலையும் நடந்திருக்கலாமே? கள்ளுக் கணக்கு இங்கே இடறுகிறது. கள்ளின் களிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் நொதித்தலை எழுதிக் காட்டுவேன், சர்க்கரை எத்தில் ஆல்ககாலாக மாறுவதுவரை ஒரு படியும் விடாமல். குடித்தவன் மூளையில் அது என்ன செய்கிறது என்றும் எழுதலாம். குடித்தவனுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்ற இடத்தில் பேனா நிற்கிறது. பூதவாதி எதை உவமையாகச் சொன்னானோ அதற்குள்ளேயே விளக்கவேண்டியது ஒளிந்திருக்கிறது.

சித்தாந்தப் பித்தன்

உயிர் என்ன செய்கிறது என்று பூதவாதி கேட்டதற்கு மின்முனை ஐயாவே விடை சொல்லிவிட்டார். சிவப்பு யாருக்குப் படுகிறதோ அது உயிர். வேலை செய்வது அதன் இலக்கணம் அல்ல. அறிவிக்க அறிவது, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது. அவ்வளவுதான் நாங்கள் சொன்னது.

மின்முனை

விடை சொல்லவில்லை ஐயா. ஓட்டை இருக்கிறது என்றேன். அந்த ஓட்டையின் வடிவமும் உங்கள் உயிரின் வடிவமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.

கோவிலூர்ச் சாது

சித்தாந்தி ஐயா உறக்கத்தில் உயிர் ஒன்றும் அறியாமல் கிடக்கிறது என்கிறார். இங்கேதான் நாங்கள் பிரிகிறோம். ஆழ்ந்து தூங்கி எழுந்தவன் "சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை" என்கிறான். ஒன்றும் தெரியவில்லை என்பதை அவன் எப்படி அறிந்தான்? தெரியாமையைப் பார்த்துக்கொண்டு ஒரு சாட்சி இருந்ததால்தான் விழித்ததும் நினைவு கூர்கிறான். மனம் அடங்கினாலும் சாட்சி அடங்கவில்லை.

மருந்துவாசம்

சாது ஐயா, இதற்கு என் வேலையிடத்திலிருந்து ஒரு மறுப்பு. தூங்கி எழுந்தவருக்கு ஏதோ நேரம் ஓடியது என்ற உணர்வு இருக்கும். மயக்கத்திலிருந்து எழுகிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. மூன்று மணி நேர அறுவை முடிந்து விழிப்பவர், "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்பார். சுகமாக இருந்தது என்றும் சொல்வதில்லை, தெரியாமல் இருந்தது என்றும் சொல்வதில்லை. நடுவில் எதுவுமே இல்லை, முன்னும் பின்னும் ஒட்டவைத்தது போல. சாட்சி அங்கே இருந்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் எங்கே?

கோவிலூர்ச் சாது

நினைவில் பதிய மனம் வேண்டும் அம்மா. மருந்து மனத்தையே கட்டிவிட்டதால் பதிவு இல்லை. பதிவு இல்லை என்பதால் சாட்சி இல்லை என்று ஆகாது.

பூதவாதி

அப்போ சாதாரணத் தூக்கத்துல பதிவ வச்சு சாட்சிய நிரூபிப்பீங்க, மயக்கத்துல பதிவு இல்லன்னா பதிவு தேவையில்லம்பீங்க. சீட்டுல ரெண்டு பக்கமும் உங்களுக்கே ஜெயமா?

மருந்துவாசம்

பூதவாதி சொல்வது சரிதான், ஆனால் விஷயம் இன்னும் சிக்கலானது. அறுவையின்போது தசைகளைத் தளர்த்தவும் மருந்து தருவோம், அதனால் நோயாளி அசைய முடியாது. 1977இல் டன்ஸ்டல் என்ற மயக்க மருத்துவர் ஒரு முறையை எழுதினார். தசைமருந்து ஏற்றுவதற்கு முன்பே ஒரு கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மருந்து அந்தக் கைக்குப் போகாது, அது மட்டும் அசையும். பிறகு மயக்கத்தில் இருப்பவரின் காதில், "கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். சிலர் அழுத்துகிறார்கள். விழித்தபிறகு கேட்டால் அவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் நினைவில்லை. நிம்மதியாகத் தூங்கியதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கோவிலூர்ச் சாது

அம்மா! நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருந்துவாசம்

இல்லை ஐயா. கை அழுத்தியபோது அவர் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. மருந்து அந்த ஆளுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். மருந்தைக் கூட்டினால் அழுத்துவது நின்றுவிடும். மனம் அடங்கிய இடத்தில் சாட்சி என்பதற்கு இது சான்றில்லை. ஆனால் விழித்தபின் ஒருவர் சொல்வதை வைத்து அப்போது உள்ளே என்ன இருந்தது என்று தீர்மானிக்க முடியாது என்பதற்கு இது சான்று. உங்கள் "சுகமாகத் தூங்கினேன்" வாதமும் அந்த வாக்குமூலத்தில்தான் நிற்கிறது. என் "நடுவில் எதுவுமே இல்லை"யும் அதே வாக்குமூலம்தான். இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

சித்தாந்தப் பித்தன்

மருத்துவரே, அப்படியானால் ஒன்று கேட்கிறேன். மருந்தைக் கூட்டி, கையும் அசையாமல் ஆனபிறகு, உள்ளே யாருக்கும் எதுவும் படவில்லை என்று எதை வைத்து நிச்சயம் செய்கிறீர்கள்?

மருந்துவாசம்

மூளை மின்னலையைத் திரையில் பார்க்கிறோம், இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், கண்ணீர், வியர்வை பார்க்கிறோம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். கத்தி வைக்கப் போதுமான அளவு நம்பிக்கை. நாளைக் காலை ஏழரைக்கு முதல் கேஸ், படுக்கப் போகிறேன். அதுவரை யாரும் மணிமேகலையை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

பூதவாதி

ஐயா, அதே கேள்விய நான் உங்ககிட்டத் திருப்பறேன். கருவி இல்லாத உயிர் ஒண்ணும் அறியாதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ கருவியே இல்லாத கடவுள் மட்டும் எல்லாத்தையும் அறியறார்னு எதை வச்சு நிச்சயம்?

சித்தாந்தப் பித்தன்

உயிருக்குக் கருவி வேண்டியிருப்பது அதன் அறிவை ஆணவம் மறைத்திருப்பதால். மறைப்பே இல்லாதவனுக்குக் கருவி எதற்கு? மறைப்பு இல்லை என்பதற்கு என்ன பிரமாணம் என்பது உங்கள் அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை கிடையாது. சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் வைத்து மறுக்கப்படுவதே உங்கள் உலகாயதக் கட்சிதான். ஞாயிறு மாலை குன்றக்குடியில் இருப்பேன், வாருங்கள். நூலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

பூதவாதி

வர்றேன். படி ஏறச் சொல்லாதீங்க, கீழேயே உக்காந்துக்கலாம்.